பீரோவுக்குள் இருநூறு டிகிரி

"பீரோவைத் தூக்கிட்டுப் போனா துணியெல்லாம் எங்க வைப்ப?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமேல ஒண்ணா போட்டுக்கிறேன்" என்றேன். நானும் என் தம்பியும் அந்த இரும்பு பீரோவைக் கொல்லைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

பதினொரு வருஷம் ஒரு பட்டறையில் பவுடர் கோட்டிங் வேலை பார்த்தவள் நான். இரும்பைத் துடைத்து, வண்ணப் பவுடரைத் தூவி, அடுப்பில் இருநூறு டிகிரியில் சுட்டால் அது இரும்போடு இறுகிவிடும். ஆறு வாரத்துக்கு முன்னால் நூற்றைம்பது சைக்கிள் கேரியர் வண்ணம் உரிந்து திரும்பி வந்தன. நான் எண்ணெய்ப்பிசுக்கைச் சரியாகத் துடைக்கவில்லை என்றார் முதலாளி. மூன்று தடவை துடைத்திருந்தேன். தேய்த்துப் பார்க்க ஒரு கேரியரைக்கூட என் கையில் தரவில்லை. பதினெட்டுப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை.

என் கை சரியில்லை என்ற பேச்சு எனக்கு முன்பே எல்லாப் பட்டறைக்கும் போய்விட்டது. ஒரு வெல்டர் மட்டும் பவுடர் பூசித் தரச்சொல்லி நாலு ஜன்னல் கம்பிக் கதவு தந்தார். "பெயின்டைக் கரைக்கிற தின்னர் போட்டுத் தேய்ச்சுப் பார்ப்பேன். துணியில கலர் ஒட்டுச்சுன்னா உங்க முதலாளி சொன்னதுதான் சரின்னு நானும் நினைச்சுக்குவேன்" என்றார். நேர்மையான ஆள்தான். எனக்குக் கோபம்தான் வந்தது.

சுடுவதற்கு என்னிடம் அடுப்பு இல்லை; பீரோவைத்தான் அடுப்பாக்க வேண்டும். தம்பி வெந்நீர் ஹீட்டர் ரிப்பேர் பார்ப்பவன், பயந்தாங்கொள்ளி. கரண்டு வேலைக்கு அப்படிப்பட்டவன்தான் வேண்டும்.

"எர்த் குடுக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சத் தொட்டீன்னா உன்கூடப் பேசமாட்டேன்க்கா."

"தொட்டா நான் எங்கடா பேசப்போறேன்."

பீரோவின் உள்பக்கப் பெயின்டை உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். உள்ளே தகரக் கூடு அடித்து, இடைவெளியில் சூடு தாங்கும் பஞ்சைத் திணித்தோம். அடியில் சூடேற்ற மூன்று காயில். அதற்குத் தனி வயர், கரண்டு கசிந்தால் தானே அணைகிற தனி ட்ரிப் சுவிட்ச், கதவுக்கும் சேர்த்து எர்த். சூட்டை அளக்கும் சென்சாரைக் காயிலுக்கு ஒரு விரல் தள்ளித் தம்பி பொருத்தினான். ஹீட்டரில் அப்படித்தான் வைத்துப் பழக்கம்.

கம்பிக் கதவுகளைத் துடைத்து, பச்சைப் பவுடரைத் தூவி உள்ளே தொங்கவிட்டோம். மீட்டர் இருநூறு காட்டியது. இருபது நிமிஷம் கழித்து எடுத்தோம். பச்சைப் பசேலென்று கண்ணாடி மாதிரி மின்னின. ஆறியதும் தின்னர் துணியால் ஒரு கம்பியைத் தேய்த்தேன். துணியும் பச்சையாகிவிட்டது.

முதலாளி சொன்னது நிஜம்தானோ என்று உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன். அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. பிசுக்கு இருந்தாலும் உரியும், வேகாவிட்டாலும் உரியும்; ஆனால் வெந்தது தின்னரில் கரையாது. கரைந்தால் வேகவில்லை என்று அர்த்தம்.

சென்சாரைப் பிடுங்கிக் கம்பிக் கதவிலேயே கட்டச் சொன்னேன். முன்பு விட்ட அதே நேரம் சூடேற்றியும் மீட்டர் நூற்று நாற்பதைத்தான் காட்டியது. தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"தண்ணின்னா சூட்டை எல்லாப் பக்கமும் கொண்டுபோயிடும்க்கா. இங்க வெறும் காத்துதான் இருக்குன்னு யோசிக்கல. காயில் சூட்டைத்தான் இவ்வளவு நேரம் அளந்திருக்கேன்."

பாதி வெந்ததைத் திரும்ப வேகவைக்கலாம். இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே இரக்கம் அது. கம்பியே இருநூறுக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகு இருபது நிமிஷம் விட்டோம்.

சாயங்காலம் வெல்டர் சைக்கிளில் வந்தார். ஐம்பது தடவை அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அவர் சைக்கிளின் கேரியர் என் கண்ணில் பட்டது. உரிந்து திரும்பி வந்த கழிவில் ஒன்றை என் பழைய பட்டறையில் சும்மா கொடுத்தார்களாம். துணியை வாங்கி அதைத் தேய்த்தேன். கறுப்பாகக் கரைந்து வந்தது. வெல்டர் ஸ்பேனரை எடுத்துக் கேரியரைக் கழற்றித் தந்தார்.

மறுநாள் பதினெட்டுப் பேரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பட்டறைக்குப் போனேன்.

"வா, உன் இடம் காலியாத்தான் இருக்கு" என்றார் முதலாளி, பெரிய மனசு பண்ணி.

கேரியரை அவர் மேசைமேல் வைத்துத் தேய்த்து, கறுத்த துணியை விரித்துக் காட்டினேன். "நான் துடைச்சது சரிதான். உங்க அடுப்புதான் வேகவைக்கல."

துணியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, உள்ள வா. தனியாப் பேசிக்கலாம்."

"நான் தனியாக் கேட்கலையே. இங்க நின்னுதான் மன்னிப்புக் கேட்டேன். அதை இங்கயே திருப்பிக் குடுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. அவர் அந்தத் துணியை நாலாக மடித்து, திரும்ப விரித்து, கடைசியில் அவர்கள் பக்கம் திரும்பினார். நான் அவசரப்படவில்லை. வெல்டர் தருவதாகச் சொன்ன அடுத்த பன்னிரண்டு கதவும் சாயங்காலம்தான் வரும்.