முகத்துக்காக ஒரு விலை

சண்டைக்குப் பயந்து ஊர் ஊராச் சனங்க இங்க வந்து சேர்ந்ததிலிருந்து எனக்கு விலை எழுதற வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் மூணு கடை. எண்ணெய், சோப்பு, பால் பவுடர். நான் எழுதித் தர்றதை வச்சுத்தான் முகாம்ல இருக்கறவங்களுக்கு மாசம் எவ்வளவு பணம்னு நிவாரண ஆபீஸ்ல நாலு மாசத்துக்கு ஒரு தடவை முடிவு பண்ணுவாங்க. என் அண்ணியும் மூணு பிள்ளைகளோட அங்கதான் இருக்காங்க.

விலை இறங்கிடுச்சாம், வர்ற மாசம் பணம் குறையுமாம். அறிவிப்பைப் பார்த்துட்டு அண்ணி நேரா என்கிட்ட வந்தாங்க.

"எந்த உலகத்துல எண்ணெய் முந்நூறு? நான் நானூறு குடுத்தேன்."

"உங்களுக்குப் பேரம் பேசத் தெரியலை"ன்னு எரிஞ்சு விழுந்தேன். என் வேலையில குத்தம் சொன்னா எனக்குப் பொறுக்காது. "வாங்க, கேட்டே பார்த்துடலாம்!"

அந்த மூணுல ஒண்ணு மீசைக்காரர் கடை. அண்ணியை முதல்ல அனுப்பிட்டு நான் வெளியில அடுக்கியிருந்த மூட்டைக்குப் பின்னால நின்னேன். "எண்ணெய் நானூறு"ன்னு அவர் குரல். உடனே உள்ளே போனேன்.

"வாம்மா, எண்ணெய் முந்நூறு, எழுதிக்கோ."

"இப்பத்தானே நானூறுன்னீங்க?"

மனுஷன் சிரிக்கிறார். "அட, உனக்குப் போய் அந்த விலை சொல்வேனா? வேகாத வெயில்ல அலையற பொண்ணு. முகதாட்சண்யம்னு ஒண்ணு இருக்கில்ல? நாங்க மூணு கடைக்காரங்களும் பேசி வச்சுத்தான் உனக்குக் குறைச்சுச் சொல்றோம்."

"நான் வாங்க வரலைண்ணே, எழுத வர்றேன்!"

"எழுதினா என்ன? கேக்கறது நீதானே?"

நாலு மாசம்! நானும் அதே விலைக்கு வாங்கிட்டு, என் சமர்த்தை நானே மெச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

"உங்க இரக்கத்தால இவங்க பிள்ளைங்களுக்குப் பால் குறையப் போகுதுண்ணே."

அவர் முகம் வாடிப்போச்சு. நிஜ விலையை எழுதினா பழைய தாளெல்லாம் தப்புன்னு ஆயிடும், என் வேலையும் போயிடும். அண்ணிக்கும் அது தெரியும். தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

பேனாவை எடுத்தேன். "எல்லாருக்கும் சொல்ற விலையைச் சொல்லுங்க."

ஒவ்வொண்ணா சொன்னார், என் முகத்தைப் பார்க்காம.

கடைசியா ஒரு சோப்பு எடுத்தேன். போன வாரம் எனக்கு ஐம்பது. கல்லாவைத் திறந்துக்கிட்டே, "எண்பது"ன்னார். குடுத்தேன்.

"பில் போடுங்கண்ணே. ஆபீஸ்ல காட்டணும்."