வெர்லின் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டு நடீனுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எரிச்சலோடு அவள் சொன்னதை நான் எழுதப் பார்க்கிறேன். நாலு முறை தொடங்கிவிட்டேன். முதல் தொடக்கம் இப்படி:

"எரிமலை கக்கிய கரும்பாறைகளுக்கு நடுவே நெடுஞ்சாலை ஒரு..."

ஒரு என்ன? பாம்பு என்று எழுதத்தான் கை போகிறது. வேண்டாம். அன்றைக்கு வண்டி ஓட்டும்போது நடீன் பாறைகளைப் பார்க்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அப்பாவின் கை எப்போது ஸ்டியரிங் பக்கம் நீளும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

அப்பா வெர்லினுக்கு எண்பது தாண்டிவிட்டது. பார்வையின் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, காது மட்டும் தெரியும் (அவரே சொன்னது). லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அப்புறமும் ஓட்டினார். நடீன் ரெட்டிங் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்து, அவருடைய பிக்கப் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் அல்டூராஸிலிருந்து கிளம்பினாள்.

வழியில் ஏடினில் காப்பி வேண்டும் என்றார். பீபரில் ஒதுங்க வேண்டும் என்றார். ஃபால் ரிவரில் மறுபடியும் காப்பி. பர்னிக்கு முன்னால் சாலை பிரியும் இடத்தில்,

"தெக்கால திருப்பு. எரிமலைக் காட்டு வழியா போவோம்."

"அது சுத்து வழிப்பா."

"என்னைத் தள்ளிவிட்டுட்டு வர அவ்ளோ அவசரமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

3

ஹேட் க்ரீக் தாண்டியதும் இறங்க வேண்டியிருந்தது நடீனுக்கு (காப்பியை அவளும்தானே குடித்தாள்). கிழவர் வெயிலில் வேகக்கூடாதே என்று ஏசியை ஓடவிட்டு இறங்கினாள். புதர் மறைவில் உட்கார்ந்தபோது வண்டி நகரும் சத்தம் கேட்டது. ஜீன்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் பிக்கப் வளைவில் மறைந்துவிட்டது. செல்போனும் அதற்குள்ளே.

கத்தினாள். பாறைகளிடம் கத்தி என்ன பிரயோசனம்? நடந்தாள்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. சின்ன வயதில் அப்பா அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த நினைவு. நடீன் படித்துவிட்டு, "ஸ்கூல் பஸ் வர்ற நேரங்க அது. என் மண்டைல அது ஒண்ணுதான் ஓடிச்சு" என்றாள். அடித்துவிட்டேன்.)

4

இன்னொரு வரைவில் வெர்லின் மரத்தில் மோதிச் செத்துப்போனார்.

"எங்கப்பாவ எதுக்குக் கொன்னீங்க?"

"கதைக்கு ஒரு கனம் வேணுமேன்னு..."

"நீங்க கொன்னுட்டு நிம்மதியா முடிச்சிட்டீங்க. எனக்கு அவர் உசுரோடல்ல இருக்காரு."

சரி, நடந்ததையே சொல்கிறேன். மரம் ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர் அவளை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பஸ் ஏதாவது கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். ஓல்ட் ஸ்டேஷன் என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் பிக்கப் கோணலாக நின்றது. ஒரு பக்கக் கண்ணாடி பெயர்ந்து போயிருந்தது. வெர்லின் ஓட்டுநர் இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கைக்கு மாறி, பெல்ட் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் வசவுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தவள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றார்.

"எதுல இடிச்ச?"

"ரோட்டோரம் யாரோட வீட்டுத் தபால் பெட்டியாவது இருக்கும். தகரச் சத்தம் கேட்டுது. என்னன்னு நான் பாக்கல, நடீன். அதான் நகந்து உக்காந்துட்டேன்."

5

அப்புறம் அவள் வண்டியை எங்கே விட்டாள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீடுதானே, அங்கே எத்தனை பேர் சாப்பிட உட்காருகிறார்கள் என்று தெரியாமலா இருக்கும்? சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அவளை நல்ல மகள் என்றோ கெட்ட மகள் என்றோ முடிவுகட்டிவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

முன்னால் போனால் ரெட்டிங். வந்த வழியே திரும்பினால் வீடு. வெர்லினின் கைகள் இன்னும் தொடைக்கடியில்தான். பின்னால் பெட்ரோல் போடக் காத்திருப்பவர் இரண்டாவது முறையாக ஹாரன் அடிக்கிறார். நடீன் எந்தப் பக்கம் திருப்பட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.