இளநீர் விட்ட அப்பம்

"நாலாவதும் போடட்டே அன்ரி?"

"போடு பிள்ளை. வயிறு வேண்டாமெண்டுது, வாய் கேக்குதில்லை."

ஞானம்மாள் அன்ரி வென்ட்வேர்த்வில்லில் கமலினியின் வீட்டுப் படி ஏறியது இதுவே முதல் தரம். குடித்தே போய்ச் சேர்ந்த புருஷனைப் புதைத்த நாளிலிருந்து, குடி புழங்கும் வீட்டில் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. அது அவளுக்குத் தெரியும். 1972இல் அவள் சிட்னிக்கு வந்த பிறகு, இந்த இரண்டு வருஷத்தில் தாய்போல வாய்த்த ஒரே மனுஷி. அவரை இழக்க அவளால் முடியாது. அதனால்தான் கணவன் விக்னராஜா வீட்டிலேயே காய்ச்சிய பியர்ப் போத்தல்களைக் காலையிலேயே கராஜுக்குள் தள்ளி, சாக்குப் போட்டு மூடியிருந்தாள்.

"கரை முறுகி, நடு பஞ்சு மாதிரி... ஊரிலை கள்ளு விட்டுப் புளிக்க வைச்சதெல்லே இப்பிடி வரும்! என்ன விட்டனி?"

அப்பத் தாச்சியைச் சுழற்றிய கை நின்றது.

நேற்று மாவு கரைத்தபோது கடை ஈஸ்ட் முடிந்திருந்தது. குசினி மூலையில், வாயில் பஞ்சடைத்த போத்தலுக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது விக்னராஜாவின் ஈஸ்ட். முளைவிட்ட பார்லியில் எடுத்த மோல்ட் பாணியைக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, அடுத்த பியருக்காக மூன்று நாளாய்க் குலுக்கிக் குலுக்கி வளர்த்தது. கொஞ்சம் போதும் என்று சரித்தவள், முழுவதையும் மாவில் ஊற்றிவிட்டிருந்தாள்.

"இளநீர் அன்ரி."

"சிட்னியிலை இளநீரோ?"

"ரின்னிலை வருகுது."

"எந்தக் கடையிலை?"

"பரமட்டாவிலை... இவர்தான் வாங்கியந்தவர்."

சொல்லி வாய் மூடவில்லை, பின்கதவால் இவரே வந்து நின்றார்.

"கமலி, என்ர பியர் ஈஸ்ட் எங்கை? போத்திலைக் கழுவிக் கவிட்டுக் கிடக்கு!"

அன்ரியைக் கண்டதும் விக்னராஜா நாக்கைக் கடித்தார். கடித்து என்ன? தாச்சியில் அப்பம் தீய்ந்து மணந்தது. அன்ரி தன் தட்டைப் பார்த்தார்.

"இதுக்குள்ளையோ?"

"ஓம் அன்ரி."

"கள்ளு விட்ட அப்பம் திண்டு வளர்ந்தனான் பிள்ளை. அது குடியில்லை. பொய் விட்ட அப்பம் இண்டைக்குத்தான் திண்டனான்."

கையைக் கழுவிக்கொண்டு அன்ரி குடையை எடுத்தார். "வாறன்" என்று சொல்லவில்லை. கமலினி வெறுங்காலோடு கேற்றடிவரை ஓடினாள்.

"அன்ரி, கராஜுக்குள்ளையும் கிடக்கு. முப்பது போத்தில். நீங்கள் வாறீங்களெண்டு நான்தான் ஒளிச்சனான்."

அன்ரி திரும்பி அவளுடைய காலைப் பார்த்தார்.

"செருப்பைப் போடு. இனி இந்தப் படி நான் ஏறமாட்டன். வாற சனிக்கிழமை நீ என்ர வீட்டை வா."

"ஓம் அன்ரி" என்றாள். தலை நிமிரவில்லை.

திரும்பி வந்து, தீய்ந்த அப்பத்தைச் சுரண்டினாள். விக்னராஜா மெல்லக் கிட்ட வந்தார்.

"மனுஷி ஏசினதோ?"

"ஏசேல்லை," என்றாள் கமலினி. "ஏசியிருந்தாப் பரவாயில்லை."