கோலமாவில் வரைந்த ஊர்

யமுனா கடலை பிடுங்கிவிட்டு, மடி நிறையக் காயோடு பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தபோது ஊர் முக்கால்வாசி தரையில் இறங்கியிருந்தது. வெள்ளைக் கோலமாவில் ரோடு, ஏரி, ஏரிக்கரை, கங்கையம்மன் கோயில். சுற்றிலும் ஆண்கள் குந்தியிருந்தார்கள். அவளோடு வந்த தெருப் பெண்கள் பின்னால் நின்றார்கள். நடுவில் மட்டும் ஒரு வண்டி நிறுத்துகிற அளவுக்கு வெறும் மண்.

அந்த வெறும் மண்தான் அவளுடைய நிலம்.

அவளுடையது மட்டுமா? முன்பு கையகல மண்கூட இல்லாத ஒரு தெருவுக்கே அரசு பிரித்துக் கொடுத்த தரகாஸ்து பூமி அது. அவள் கணவன் ரமணா ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். விதைக்கிறதும் பிடுங்குகிறதும் இப்போது பெண்கள்.

வரையச் சொன்னவள் கோதா. திருப்பதிக் கோயிலில் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண், யுனிவர்சிட்டியில் படிக்கிறாள். வேலை தேடி ஆட்கள் வெளியே போன ஊர்களில் நிலம் என்னவாகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கையில் ஒரு சாட்டிலைட் படம் வைத்திருந்தாள். ஊர்க்காரர்கள் வரைவதை அதோடு ஒப்பிடுவாள். இரண்டும் ஒத்துப்போனால் அப்படியே எழுதிக்கொள்வாள். ஒத்துப்போகாத இடத்துக்கு மட்டும் நடந்துபோய்ப் பார்ப்பாள். வரைபடத்தின் பிரதி ஒன்று, நிலக் கணக்கு வைத்திருக்கிற மண்டல் ஆபீசுக்கும் போகும். முதல் நாளே தெருத்தெருவாக வந்து இதையெல்லாம் சொல்லியிருந்தாள்.

"நடுவுல ஒண்ணுமே இல்லையா?" என்று கோதா ரங்கையாவைக் கேட்டாள். அவருக்கு ரோட்டோரம் நிலம். அது முதலிலேயே அழகாக வந்துவிட்டது.

"அது தரிசும்மா. ஆடு மேஞ்சிகினு கெடக்கும்."

"படத்துலயும் காலியாத்தான் இருக்கு." கோதா பென்சிலை எடுத்து எழுதினாள்.

யமுனா முன்னால் வந்தாள். தொழிற்பேட்டைக்குக் காலி நிலம் தேடி ஜீப்புகள் சுற்றுகிற நேரம். இரண்டிலும் காலி என்று விழுந்துவிட்டால், அப்புறம் யார் வந்து கடலைச் செடியைப் பார்க்கப் போகிறார்கள்?

"தரிசு இல்ல," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "தரிசு இல்ல மாமா! இப்பத்தான் கடல புடுங்கிகினு வரேன், நீ இன்னாத்துக்குத் தரிசுன்ற?"

"இன்னாம்மே, எம்மேல பாயற? உங்க எடத்த நீங்க வரைய வேண்டியதுதான? யாரு வாணான்னது?"

யமுனா கோலமாக் கிண்ணத்தை வாங்கி, ஓரத்தில் குந்திக் கையை நீட்டினாள். எட்டவில்லை. வேறு பக்கம் போய் நீட்டினாள். அங்கேயும் எட்டவில்லை. அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து ஒருவர்கூட உள்ளே போகவில்லை. கோலமாவில் போட்ட கோட்டை யார் மிதிப்பார்கள்? அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மட்டும் ஊர் வந்திருந்தது. எட்டாத இடம் தரிசாகிவிட்டது.

எழுந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏ பொண்ணு, மிதிக்காத!" அவள் மாமியார் பொன்னியம்மா பின்னாலிருந்து பதறினாள். "வெளக்கு வெக்கிற பொம்பள கோலத்துல கால வைப்பாளா?"

"கோலம் இல்ல அத்தே. நம்ம நெலம்."

வைத்தாள். இரண்டாவது அடியில் ஏரிக்கரை அவள் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"போச்சு! கரைய ஒடச்சிட்டா! இனிமே தண்ணிக்கு இன்னா பண்றது?" என்று ரங்கையா கத்த, ஆண்கள் சிரித்தார்கள். யமுனாவுக்கு முகம் சுட்டது. திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. நடுவில் குந்தி வரப்புகளை இழுத்தாள். ஒவ்வொரு துண்டிலும் மடியிலிருந்து ஒரு கடலைக்காயை எடுத்து வைத்துப் பேர் சொன்னாள்.

"இது எங்களுது. இது மணியம்மாவுது."

"அங்க இல்லடி, என்னுது கெணத்துக்கு இந்தாண்ட!" மணியம்மா கூட்டத்தை விலக்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். அப்புறம் அந்தத் தெருப் பெண்களை யாராலும் பிடிக்க முடியவில்லை. பொன்னியம்மா மட்டும் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள்.

கோதா எழுதியதை அடித்தாள். "எங்காத்துலயும் கோலத்தை மிதிக்க விடமாட்டா. எனக்குத் தோணவே இல்லை பாருங்கோ." படத்தின் அடியிலிருந்த தேதியைப் பார்த்தாள். "மே மாசம், விதைக்கறதுக்கு முன்ன எடுத்திருக்கா. அப்போ காலியாத்தானே தெரியும்! நாளைக்கு வந்து நேர்ல பாத்துடறேன்."

"நாளைக்கு வாணாம்மா, இப்பவே வா. புடுங்கி முடிச்சிட்டா மறுபடி வெறும் மண்ணுதான் தெரியும்."

கோதா படத்தை மடித்து வைத்தாள். "சரி, போலாம். அதுக்கு முன்ன இதைப் போட்டோ எடுக்கணும். ஏரிக்கரையை யாராவது சரி பண்ணுங்கோளேன்."

யமுனா கிண்ணத்தை ரங்கையாவிடம் நீட்டினாள். "தண்ணி உனக்கும்தான வேணும்? நீயே கட்டு மாமா."

அவர் உட்கார்ந்து கரை வரைந்த இடத்தில் இப்போது பெண்கள் நிறைந்திருந்தார்கள். கரைக்குப் போக உள்ளே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ரங்கையா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே கால் வைத்தார்.

"பாத்து மாமா," என்றாள் யமுனா. "கடலய மிதிச்சிடாத."