வயிறு விழுந்த குழாய்

இசொகாய்க்கு வயது அறுபத்து மூன்று. அதில் இருபத்தேழு வருஷமாக ஒரு நம்பிக்கையை மடியில் கட்டிக்கொண்டு வாழ்ந்துவிட்டார்: அந்தச் சிவப்புக் காரின் டர்போ புகைந்தது ஹோஷினாவின் கைப்பிழை. அந்த நம்பிக்கை பொய்யானால், ஒன்பது வருஷம் தோளோடு தோள் நின்ற கூட்டாளியைப் பட்டறையை விட்டு விரட்டியதற்கு அவரிடம் வேறு நியாயம் கிடையாது.

இப்போது நுமாதாவில், அதே பட்டறையில், ஒரு டிசம்பர் மத்தியானம். மலைக்காற்று ஷட்டரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் வேறொரு கார் நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது. தகாசாகி ஊர்ப் பல் டாக்டருடைய முப்பது வருஷத்துப் பழைய வண்டி. எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டுகிற டர்போவை நேற்றுத்தான் அதில் புதுசாக மாட்டியிருந்தார். கிளப்பியதும் சமர்த்தாக ஓடும். பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், வீட்டில் மீன் சுடுகிற மாதிரி பின்னால் புகை கிளம்பும். டர்போவுக்குள் ஓடுகிற எண்ணெய் எங்கோ கசிந்து சூட்டில் கருகுகிறது. ஏன் கசிகிறது என்பதுதான் தெரியவில்லை. இந்த முறை ஆணி முதல் அச்சு வரை மாட்டியவர் இவர் ஒருவரே. பழி போடப் பக்கத்தில் ஆளில்லை.

மூலையில் மேஜை போட்டுப் புத்தாண்டு கார்டுகள் எழுதிக்கொண்டிருந்த மனைவி தொகியே தலை நிமிர்ந்தாள்.

"புதுசா வாங்கினதுதானே? மட்டமான சரக்கா இருக்கும். திருப்பி அனுப்பிடுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப நீங்க மாட்டினது சரியில்லையா?"

"கார்டை எழுது நீ."

கழற்றிப் பார்த்தார். டர்போவின் சுழல் அச்சை விரலால் ஆட்டினார். ஆட்டம் அளவாகத்தான் இருந்தது. எண்ணெய் வருகிற வழியில் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு துளை இருந்தது, அதுவும் சரி. எஞ்சினின் மூச்சுக்குழாயை வாயில் வைத்து ஊதினார், அடைப்பில்லை. காற்று வடிகட்டி புதுசு. எல்லாம் சரி, புகை மட்டும் வருகிறது என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்? கையிலிருந்த ஸ்பேனரை வீசப் போய், தொகியே பார்ப்பதைக் கண்டு மெதுவாக வைத்தார்.

ஹோஷினா இருந்திருந்தால் இந்நேரம் சிரித்திருப்பான். "பத்துப் புகையில ஒன்பது டர்போ தப்பு இல்லடா, மாட்டினவன் தப்பு" என்பான்.

இருவரும் பஸ் டிப்போ வேலையை உதறிவிட்டு இந்தப் பட்டறையைத் திறந்தவர்கள். இருந்தது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. குளிருக்கு அதன் இரண்டு பக்கமும் அட்டையை விரித்துப் படுத்தார்கள். டர்போ மாட்டிய வண்டியை விடியற்காலையில் அகாகி மலைப்பாதையில் ஏற்றுவார்கள். உறைகிற குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிடுவான் ஹோஷினா. டர்போவின் விசில் காதில் விழ வேண்டுமாம். பல் கிடுகிடுக்க, "கேக்குதா, கேக்குதா?" என்று கத்துவான். இறங்கி வந்ததும் மிசோ விழுது தடவிச் சுட்ட மன்ஜூ உருண்டையைக் கை சுடச் சுடத் தின்பார்கள். அத்தனை சந்தோஷம் அதற்குப் பிறகு இசொகாய்க்கு வாய்க்கவே இல்லை.

வேலையில் இருவரும் இரு துருவம். டர்போவைப் பிரித்துக் கோர்ப்பது ஹோஷினா. ஒரு கையில் மன்ஜூ, மறு கையில் திருகாணி. குழாய் இழுப்பது இசொகாய். ஒரு குழாய்கூட கண்ணை உறுத்தாமல் அத்தனை சுத்தமாக இழுப்பார். அடுத்த மாகாணமான சைதாமாவிலிருந்தெல்லாம் வந்து பானெட்டைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படியிருக்க, சிவப்புக் கார் புகைந்த அன்று யார் மேல் சந்தேகம் வரும்? மன்ஜூ தின்றவன் மேல்தான். வாடிக்கையாளர் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். ஹோஷினா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது இந்த வண்டியில் பார்க்காமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: எண்ணெய் திரும்பிப் போகிற குழாய். அது தன் சொந்த வேலை என்பதால் அதில் கோளாறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியுமா?

கழற்றியதைத் திருப்பி மாட்டி, காரை மேலே தூக்கி, அடியில் விளக்கைப் பிடித்தார். குழாய் அழகாகத்தான் இருந்தது. எஞ்சினை ஒட்டி இறங்கி, ஒரு கிளிப்பில் திரும்பி, சட்டத்தின் ஓரமாகப் படுத்து, கடைசியில் இரண்டு விரல் அளவு மேலேறி எண்ணெய்த் தொட்டிக்குள் போயிற்று. இரண்டு விரல். டர்போவுக்குள் எண்ணெயைத் தள்ளிவிட பம்பு உண்டு. வெளியேற்ற எதுவும் கிடையாது. அது தானாகக் கீழே விழ வேண்டும். இங்கே குழாயின் நடுவில் வயிறு விழுந்து, எண்ணெய் அதில் தேங்கி, போக வழியில்லாமல் மேலே அச்சின் இடுக்கில் கசிந்திருக்கிறது.

குழாயைத் தொட்டியிலிருந்து உருவி, தொட்டியின் துளையை அடைத்தார். குழாயை நேராகத் தொங்கவிட்டு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்தார்.

"தொகியே, இங்க வா. டப்பா நிறைய நிறைய எண்ணெயை எடுத்து எஞ்சின்லயே திரும்ப ஊத்திக்கிட்டே இரு."

"கார்டெல்லாம் கறையாகும்."

"ஆகட்டும் வா!"

எஞ்சின் ஓடியது. முதலில் பழைய எண்ணெய் எரிந்து புகை கூடியது. பிறகு மெலிந்தது. கால் மணி நேரத்தில் சுத்தமாக நின்றது.

"நின்னுடுச்சு! கண்டுபிடிச்சிட்டீங்க!" என்றாள் தொகியே.

இசொகாய் காருக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவப்புக் காரின் குழாய் அவருக்குக் கல்யாண நாளைவிட நன்றாக நினைவிருந்தது. அதே கிளிப், அதே திருப்பம், அதே இரண்டு விரல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"அவன் உயிரோட இருக்கானா?" என்று கேட்டார்.

யார் என்று தொகியே கேட்கவில்லை. கார்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். ஹோஷினாவின் விலாசம், போன் நம்பர்.

"வருஷா வருஷம் கார்டு போடறோம்ல?"

"போடறோமா?"

"உங்க பேரும் சேர்த்துத்தான். நீங்க எதைப் பாத்தீங்க?"

அந்த நம்பருக்குப் போன் போட்டார். மணி நாலு தடவை அடித்தபின் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"நான் இசொகாய்."

டிவி சத்தம் நின்றது. "யாரு செத்தாங்க?"

"யாரும் சாகல. அந்தச் சிவப்புக் கார்... அது உன் தப்பில்லடா. என் குழாய். வயிறு விழுந்திருந்தது. இன்னிக்கித்தான் தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டா வாயத் தொறக்காம போன?"

"தொறக்கலையா? மூணு தடவ சொன்னேன். நீ கத்திக்கிட்டே இருந்த."

"இல்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு வார்த்த பேசல நீ. தப்பு பண்ணினவன் மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்ன."

"அட மடையா, குனியாம அடியில இருக்கிற குழாய எப்படிடா காட்டறது?"

இசொகாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஹோஷினா போனை வைக்காமல், அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.