டென்ஷன் அக்கா

எம்பிராய்டரி மெஷினின் ஐந்தாவது தலையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் மொத்த மெஷினும் நின்றது. ஊசி குத்தும் ஆறு தலைக்கும் ஒரே மோட்டார். ஒன்றுக்கு நூல் அறுந்தால் மற்ற ஐந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். டென்ஷன் அக்கா குனிந்து ஃபிரேமைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சட்டையில் வைத்துத் தைக்கிற பேட்ஜ். கருநீலப் பட்டை நெடுக வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. துணிக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டிய பாபின் நூல், பொடுகு உதிர்ந்த மாதிரி மேலே வந்து கிடந்தது.

"மறுபடியுமா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி. அவளுக்கு அங்கே வாயாடி என்று பெயர். அந்தப் பெயருக்கு அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"நூல் மட்டம்டி. வேறென்ன?"

"அதே நூல்தானேக்கா என் மெஷின்லயும் ஓடுது?"

அக்கா ஊசியை மாற்றினாள். மேல் நூலை முழுக்க உருவி, ஒவ்வொரு துவாரமாகக் கோத்து வந்தாள். அதற்கே இப்போதெல்லாம் தடுமாற்றம். நூல் நுனி விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கோக்க வேண்டியிருந்தது. அடியில் கையை விட்டு பாபின் கேஸை எடுத்தாள். அடி நூல் சுற்றிய பாபினை வயிற்றுக்குள் வைத்திருக்கும் சின்ன இரும்புக் கிண்ணம் அது. அதன் முதுகில் கடுகு அளவுக்கு ஒரு திருகாணி. அடி நூலின் இறுக்கம் முழுக்க அந்தக் கடுகில் இருக்கிறது.

எம்பிராய்டரியில் மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தை மட்டும் மனுஷக் கைதான் பார்க்க வேண்டும். மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நடுவில் நிற்க வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு அக்கா சொல்லிக் கொடுப்பது இப்படி: "புருஷன் பொண்டாட்டி மாதிரிடி. ரெண்டுல ஒண்ணு ஓவரா இழுத்தாலும் வீட்டு விஷயம் வெளியே தெரிஞ்சிடும்." கன்னிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மற்றவர்கள் பாபின் கேஸை நூலோடு தொங்கவிட்டு, ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. விறைத்துக்கொண்டு அசையாவிட்டால் இறுக்கம், தரையைத் தொட்டால் தளர்ச்சி. அக்காவுக்கு அந்த வித்தையெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு இழு. "கால் சுத்து விடு" என்பாள். அவ்வளவுதான். சும்மா சொல்லக் கூடாது, அது அப்படியே பொருந்தும். "அக்காவோட கைப்பக்குவம்" என்று சூப்பர்வைசரே ஆர்டர் கொடுக்க வந்த பார்ட்டிகளிடம் சொல்லிக் காட்டுவார். சீசன் முடிந்து ஆள் குறைக்கும்போதெல்லாம் வாயாடி யார் பெயர் வருமோ என்று ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்கா மட்டும் நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். அந்தக் கை இருக்கிற வரைக்கும் அவளை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. வீட்டில் வேறு வருமானமும் கிடையாது. மூட்டை தூக்கி முதுகு போன புருஷன், குனியாமல் செய்யக்கூடிய வேலையாகத் தேடித் தேடி வீட்டிலேயே செய்துகொண்டிருந்தான்.

பாபின் கேஸை ஐந்திலிருந்து எடுத்து இரண்டாவது தலையில் போட்டாள். கோளாறு கேஸில் இருந்தால் கூடவே போகும், தலையில் இருந்தால் அங்கேயே தங்கும். கோளாறு கூடவே போனது. அப்பாடா என்றிருந்தது. கேஸின் தகட்டுக்கு அடியில் பஞ்சு சேர்ந்திருக்கும், காகித முனையை விட்டு எடுத்தால் சரியாகிவிடும். எடுத்தாள். திருகாணியை ஒரு நூலிழை இறுக்கினாள். ஓட்டினால், அடி நூல் படக்கென்று அறுந்தது. தளர்த்தினாள். மறுபடி பொடுகு. அதற்குள் காலையில் அவளே சரிபார்த்து வைத்த மூன்றாவது தலையும் சிவப்பு காட்டியது.

"யாராவது கண்ணு வெச்சுட்டாங்கக்கா" என்றாள் வாயாடி.

"வெச்சா உன் கண்ணாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

வாயாடி அந்தப் பக்கம் திரும்பியதும், யாருக்கும் தெரியாமல் கேஸை நூலோடு தொங்கவிட்டுப் பார்த்தாள். சுண்டுவதற்குள் நூல் விரலிலிருந்து நழுவி கேஸ் தரையில் உருண்டது. பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியபோது புருஷன் "அடிப்பாவி, துணி பிடிச்சு இறக்கக் கூடாதா?" என்று கத்தினான். குனிந்து பார்த்தால் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கொப்புளித்திருந்தன. "சுடவே இல்லையேங்க" என்றாள். "சுடாம எப்படி, நீ என்ன இரும்பா?" என்று அவன் சிரித்துக்கொண்டே களிம்பு தடவினான். கொஞ்ச நாளாகவே செருப்பு காலை விட்டுப் போனதுகூடத் தெரியாமல் ரோட்டில் நடந்து, திரும்பிப் போய்த் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வயசாகுது, ரத்தம் சுண்டுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் சூப்பர்வைசர் ஒரு கட்டு பேட்ஜைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். பார்ட்டி திருப்பி அனுப்பியது.

"என்னக்கா இது? நீங்க பார்த்த மெஷின்ல போய் இப்படி?"

"மெஷின்லதான் சார் ஏதோ இருக்கு. ஹூக் தேஞ்சிருக்கும்."

"சரி, மெக்கானிக்கைக் கூப்பிடறேன். ஹூக்கா இருந்தா மாத்திடலாம்."

வாரக்கணக்கில் கூப்பிட்டாலும் வராத மெக்கானிக் அன்றைக்கென்று உடனே வந்து சேர்ந்தான். ஹூக் என்பது பாபினைச் சுற்றிச் சுழன்று மேல் நூலைக் கவ்வும் கொக்கி. அதைக் கழற்றி, நகத்தால் விளிம்பெல்லாம் தடவினான். சிராய்ப்பு ஒன்றும் இல்லை. எண்ணெய் விட்டான், ஊசி இறங்கும் நேரத்துக்குக் கொக்கி வந்து சேர்கிறதா என்று பார்த்தான், மேலே இருக்கும் டென்ஷன் தட்டுகளைப் பிரித்துத் துடைத்தான். அவன் ஒவ்வொன்றாக "இது நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு" என்று சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் அவன் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேஜை எடுத்தான். நூலை அதில் மாட்டி இழுத்தால் முள் நகர்ந்து இறுக்கத்தைக் காட்டும். ஆறு பாபின் கேஸையும் துணி விரித்து வரிசையாக வைத்தான். முதல் கேஸுக்கு முள் எகிறியது. இரண்டாவதுக்கு அசையவே இல்லை. மூன்றாவதுக்கு மறுபடி எகிறியது. நாலாவதுக்கு நடுவில் வந்து நின்றது. ஐந்தையும் ஆறையும் பார்த்துவிட்டு நாலாவதையே மறுபடி கையில் எடுத்தான்.

"இதை யார் வெச்சது?"

"நான்தான்" என்றாள் வாயாடி. "அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க. தொங்கவிட்டுப் பார்த்து வெச்சேன். ஏன், தப்பாயிடுச்சா?"

"இல்ல. இது ஒண்ணுதான் சரியா இருக்கு."

வாயாடி அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் போய்த் தன் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

மெக்கானிக் அக்காவைச் சுவரோரம் கூப்பிட்டான். "அந்தப் பக்கம் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு நூலை வைத்தான். "இப்ப இழுக்கிறேனா, இல்லையா?"

"இழுக்கறே தம்பி."

"நல்லா கவனிச்சுச் சொல்லுங்க."

"இழுக்கறே. லேசா."

"இப்ப திரும்புங்க."

திரும்பினாள். நூல் அவள் காலடியில் கிடந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அவன் குனிந்து அந்த நூலை எடுத்துச் சுருட்டினான். "ஸ்ப்ரே பசை அடிக்கிறது யாரு அக்கா?" என்று கேட்டான். ஃபிரேமில் துணி நகராமல் இருக்க அடியில் ஒரு தாளை ஒட்டுவார்கள். அதற்கு டப்பாவிலிருந்து சர்ரென்று அடிக்கிற பசை.

"எல்லா மெஷினுக்கும் நான்தான் தம்பி. மத்தவளுங்க இருமுறாளுங்க. எனக்கு ஒண்ணும் செய்யறதில்ல."

"ஜன்னலைத் திறந்து வெச்சா அடிக்கிறீங்க?"

"ஜன்னலைத் திறந்தா காத்துல நூல் ஆடுமே. டென்ஷன் கெட்டுப்போயிடுமே" என்றாள். சொன்ன பிறகுதான் அது எங்கே போய் முடிகிறது என்று அவளுக்கு உறைத்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னதே அவள்தான். புழுக்கம் தாங்காமல் யாராவது கதவை ஒருக்களித்தால்கூட, "எவடி அவ?" என்று பாய்ந்து போய்ச் சாத்துவாள்.

"நான் போற இன்னொரு கம்பெனியிலயும் ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. ஷூ ஒட்டற இடம். விரல்ல ஆரம்பிச்சுது, அப்புறம் நடக்கவே முடியல. பசையில இருக்கற மருந்து நரம்பைத் தின்னுடும்னு டாக்டர் சொன்னாராம். முதல்ல அதை விடுங்கக்கா. விட்டா கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும்னாங்க."

"தம்பி" என்றாள் அக்கா. "ஹூக் தேஞ்சிருக்குன்னு சொல்லிடேன்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லிடலாம்க்கா. புது ஹூக் போடுவாங்க. அதுக்கப்புறமும் வெள்ளை வந்தா என்னை உள்ளேயே விட மாட்டாங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

சூப்பர்வைசரிடம் அவன் ஒரே வரியில் முடித்துக்கொண்டான். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, இந்த கேஜ் ஒன்று வாங்கிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் டென்ஷன் வைக்கலாம் என்றான். அக்காவின் கையைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. எடுக்கவும் தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் நாலாவது கேஸையும் மற்ற கேஸ்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாயங்காலம் அக்காவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உட்காருங்கக்கா. உங்களை நாங்க விட்டுட மாட்டோம். டென்ஷனை இனிமே வாயாடி கேஜ் வெச்சுப் பார்த்துக்கட்டும். நீங்க ஸ்ப்ரே டேபிள்ல உட்கார்ந்துடுங்க. முழு நேரமும் அதுவே. விரல் நயம் எதுவும் வேண்டாம், அழுத்தினாப் போதும்."

"சார், அந்தப் பசையாலதான் கை மரத்துப்போச்சுன்னு…"

"யாரு சொன்னது? டாக்டரா?"

"மெக்கானிக் தம்பி."

"அவன் மெஷினுக்கு டாக்டர்க்கா" என்று சூப்பர்வைசர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை அது, வீட்டு மனுஷர் மாதிரிதான் சிரித்தார். "இத்தனை பேர் அதே ரூம்லதானே இருக்கோம்? சுகரைச் செக் பண்ணுங்க. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் மதமதன்னு இருந்துச்சு."

"ஜன்னலையாவது திறந்து வெச்சுக்கிட்டு அடிக்கறேன் சார்."

"திறந்தா நூல் ஆடும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேக்கா." அவர் மேஜைமேல் இருந்த பேட்ஜைத் திருப்பிப் போட்டார். "கட்டாயமெல்லாம் இல்ல. இஷ்டமில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. வாசல்ல ஆள் வந்து கேட்டுட்டுத்தான் போகுது."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அதையெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அந்த மனுஷன் முகத்தை எப்படிப் பார்ப்பது? "சரிங்க சார்" என்றாள்.

வீட்டில் புருஷன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான். "என்னடி, ஒரு மாதிரி இருக்கே?"

"இடம் மாத்திட்டாங்க. இனிமே உட்கார்ந்துக்கிட்டே வேலை."

"அட! அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? நின்னு நின்னு உன் கால் ரெண்டும் தூணா வீங்கிக் கிடக்கு. நல்ல மனுஷன்தான் உங்க சூப்பர்வைசர்." அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். அவள் கையை இழுத்துக் கொப்புளத்தைப் பார்த்தான். "ஆறிக்கிட்டு வருது. வலிக்குதா?"

"இல்லைங்க. வலிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் போனபோது ஸ்ப்ரே டேபிளைச் சுவர் மூலைக்கு நகர்த்தி, நாற்காலியில் புது மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். "பிரமோஷன்தான் போ" என்று யாரோ சொன்னார்கள். வாயாடி மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. கேஜைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். டேபிளுக்கு அடியில் பெட்டி பெட்டியாகப் பசை டப்பாக்கள் அடுக்கியிருந்தன. முதல் ஃபிரேமின் தாள் வந்தது. அக்கா ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கி, மேலே விரலை வைத்தாள். சர்ரென்று சத்தம் கேட்ட பிறகுதான் விரல் அழுத்தியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.