பன்னிரண்டு பேர் பாரம்

வண்டி ஒன்று வந்து நின்றால் அரியநாயகத்தின் கண் முதலில் போவது அதன் பின்சக்கரச் சில்லுக்கு மேலேதான். சட்டம் எவ்வளவு இறங்கி நிற்கிறது, ஸ்பிறிங் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் குடிவந்து ஆறேழு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. சந்தையடியில் வெங்காய மூட்டைகளோடு பின்பக்கம் குந்தி நிற்கும் லொறியைக் கண்டால், "ஸ்பிறிங்குக்கு ரெண்டு தகடு கூடப் போட்டால் நிமிரும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். உடனே, யாரோ பக்கத்தில் நின்று கேட்டதுபோல, "ரெண்டே காணும், போதும். மூண்டு வேண்டாம்" என்பார்.

மூன்று போட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிய வந்தது நெடுந்தீவில், அறுபத்துமூன்றாம் வருஷத்துச் சோளகக் காற்றுக் காலத்தில்.

தெற்கில் வைத்திருந்த கடை ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் போய்விட, அவரும் மனைவி மீனாம்பிகையும் ஊர் திரும்பினார்கள். கையில் மிஞ்சியது நீளச் சட்டம் வைத்த ஒரு பழைய லாண்ட் றோவர். தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றித் திரிந்த வண்டி. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதில் வைத்துத்தான் அதைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். துறையில் கூடிய சனம் சிரித்தது. மாட்டுவண்டி வைத்திருந்த ஏரம்பு, தன் பெரிய வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதுக்கு என்ன, புல்லுப் போடுறதோ, தவிடு வைக்கிறதோ?" என்று கேட்டார்.

சிரிப்பு அடுத்த வெயில் காலம் வரைதான் நிலைத்தது. நெடுந்தீவில் எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைக்க ஏலாது. மழை இல்லாத மாதங்களில் மேற்கில் கிணறுகள் உவர்த்துப்போகும். சனம் குடத்தோடு சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளுக்கு நடக்கும். அரியநாயகம் நாலு தகரப் பீப்பாய்களை வண்டியில் அடுக்கிக்கொண்டு போய் நிரப்பி வந்தார். அன்றிலிருந்து அந்த வண்டியின் சத்தம் கேட்டால் பெண்கள் வாளியோடு வாசல் படலைக்கு வந்தார்கள். தெற்கிலிருந்து வெறுங்கையோடு வந்தவர் என்ற பேச்சு மெல்ல அடங்கிற்று.

ஆனால் வண்டி தாங்கவில்லை. நாலு பீப்பாயும் நிரம்பினால் பின்பக்கம் நிலத்தை நோக்கிக் குந்தும். வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிறிங் தகடுகள் நேராகி, பிறகு மறுபக்கம் வளையும். அரியநாயகம் சட்டத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து இரண்டு பின் ஸ்பிறிங்கையும் கழற்றி, சாக்கில் சுற்றி, வள்ளத்தில் ஏற்றி, யாழ்ப்பாணத்துக் கராச் ஒன்றுக்குக் கொண்டுபோனார்.

கராச்காரர் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "ஒரு பக்கத்துக்கு ஒவ்வொரு தகடு கூடப் போடுவம் ஐயா. ஓடிப் பாத்துப்போட்டு வாங்கோ. காணாட்டில் இன்னொண்டு போடலாம்."

"திரும்பத் திரும்ப வள்ளத்திலை ஏத்தி இறக்கிறது என்ன விளையாட்டே? மூண்டு மூண்டா ஒரேயடியாப் போடும். லொறித் தகடாப் போடும்."

"வெறும் வண்டி ஓடேக்கை இடுப்பு நாரி விட்டுப்போகும், சொல்லிப்போட்டன்."

"நான் ஏன் வெறும் வண்டி ஓடப்போறன்?"

தண்ணீருக்குப் போகிற வண்டி கிணறு வரை வெறுமையாகத்தானே போகவேண்டும் என்பது அவருக்கு வீடு வந்து ஓடிப் பார்க்கும்வரை தோன்றவில்லை. நாலு பீப்பாயோடு வரும்போது வண்டி நிமிர்ந்து நின்று கல்லெல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வந்தது. வெறுமையாகப் போகும்போதோ ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. பல் பல்லோடு அடித்தது. மீனாம்பிகை ஒரு வழி கண்டுபிடித்தாள். சாராப்பிட்டிக்குப் போகும்போது நடந்தாள். வரும்போது வண்டியில் ஏறி வந்தாள்.

"நான் உங்களோடை வரேல்லை. தண்ணியோடை வாறன்" என்றாள்.

அரியநாயகம் பிடிவாதமாக இருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "பாரம் தாங்குதோ இல்லையோ, அதைப் பாருங்கோ" என்றார். பீப்பாய்களிலிருந்து சிந்திய தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்து, தகடுகளை இறுக்கியிருந்த நட்டுகள் துருப்பிடித்துக் கட்டியாகிப்போயின.

ஆவணியில் ஒரு காலை, மீனாம்பிகை வேலியோரக் கல்மதிலில் ஏறி நின்று, முருங்கையைத் தின்ற ஆட்டைக் கலைத்துத் துரத்தினாள். சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில். கால் வைத்த கல் உருண்டது. அவள் விழுந்த இடத்திலேயே கிடந்து, "எனக்குக் கால் ஒரு பக்கமாக் கிடக்கு, இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டாள். அழக்கூட இல்லை.

தீவு ஆசுபத்திரியிலிருந்து கிறிஸ்தோப்பர் அப்போதிக்கரி சைக்கிளில் வந்தார். பனஞ்சிலாகைப் பலகை இரண்டை இரு பக்கமும் வைத்து, சீலை கிழித்துக் காலைக் கட்டினார். பிறகு அரியநாயகத்தை முற்றத்துக்குக் கூட்டிவந்தார்.

"தொடை எலும்பு. உடைஞ்ச நுனி உள்ளுக்குக் கத்தி மாதிரி நிக்குது. யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும். போற வழியிலை குலுங்கிப் பெரிய இரத்தக் குழாயை வெட்டினால், துறை வரைக்கும் தாங்கமாட்டா. உள்ளதைச் சொல்லிப்போட்டன்."

துறை நாலு மைல். யாழ்ப்பாண வழியில் ஊர்காவற்றுறைக்குப் போகும் வள்ளம் காற்றுப் பலப்பதற்கு முன் வெளிக்கிட்டுவிடும். பின்னேரக் கடலில் யாரும் இறங்கமாட்டார்கள். தோளில் தூக்கி நடந்தால் வள்ளம் பிடிக்க ஏலாது. ஏரம்பு தன் மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரே அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பிறிங் எண்ட சாமானே இல்லை. பாக்கு மூட்டையே பொடியாப் போகும்" என்றார்.

வீட்டுக் கதவொன்றைக் கழற்றி, மேலே பாய் விரித்து, மீனாம்பிகையை அதில் வைத்து லாண்ட் றோவரின் பின்னால் ஏற்றினார்கள். அரியநாயகம் ஆன மட்டும் மெதுவாக எடுத்தார். படலையைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்னக் கல். வண்டி துள்ளியது. பின்னாலிருந்து வந்த சத்தத்தை அவர் அதுவரை தன் மனைவியின் வாயிலிருந்து கேட்டதில்லை. பிறேக்கை அழுத்தினார்.

கிறிஸ்தோப்பர் காலின் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "இப்பிடிப் போக ஏலாது."

அரியநாயகம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே புகுந்தார். தகடுகளைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தார். நட்டு அசையவில்லை. கல்லால் அடித்தார், விரல் நசுங்கியது. அடிக்கிற அதிர்ச்சி மேலே அவளுக்கும் போயிற்று.

"என்ன செய்யிறியள் கீழை?" என்றாள் மீனாம்பிகை.

"மூண்டையும் கழட்டப்போறன். என்ரை மடைத்தனம்."

"அதை இப்ப கழட்டி முடியாது. வெளியாலை வாங்கோ." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "தண்ணியோடை வரேக்கை இந்த வண்டி இப்பிடித் துள்ளுறேல்லையே."

அவர் வெளியே வந்து நிமிர்ந்தார். மண் ஒட்டிய முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"பாரம்" என்றார். "பாரம் ஏத்தவேணும்."

"பீப்பாய் ஏத்தினால் உருண்டு காலிலை விழும்" என்றார் அப்போதிக்கரி. "கல்லும் சறுக்கும்."

"சனம் சறுக்காது" என்றாள் மீனாம்பிகை.

அதற்குள் வேலிக்கு அப்பால் பாதி ஊர் கூடியிருந்தது. அரியநாயகம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். ஒரு பீப்பாய்க்கு மூன்று பேர். நாலு பீப்பாய்க்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு பேர் என்று சொன்னதும் இருபது பேர் வந்தார்கள். வண்டி கொள்ளாது. யாரை விடுவது என்று அவர் தடுமாறினார். கிடந்தபடியே மீனாம்பிகை தேர்ந்தெடுத்தாள்.

"ஏரம்பண்ணை முதல் ஏறட்டும்."

"நான் என்ன தண்ணிப் பீப்பாவோ?"

"நீங்கள் ஒண்டரைப் பீப்பா. ஏறுங்கோ அண்ணை."

சனம் சிரித்தது. ஏரம்பு வண்டியில் கால் வைத்ததும் பின்பக்கம் ஒரு விரல் இறங்கியது. அடுத்தது மீன் விற்கும் மேரிஜோசப்பின். கூடையை மதிலில் வைத்துவிட்டு, "தங்கச்சி, என்னைக் கூப்பிடேக்கை ஒருத்தரும் சிரிக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே ஏறி, மீனாம்பிகையின் தலைமாட்டில் இருந்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒல்லியான தில்லைநாதன் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் வாறன் பிள்ளை."

"வாத்தியார், நீங்கள் வந்தால் என்ன, வராட்டில் என்ன! குடையைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை நடந்து வாங்கோ."

வாத்தியாருக்கு அந்த வார்த்தை நெடுநாள் ஆறவில்லை.

ஓரங்களில் கால்களை வெளியே தொங்கவிட்டு இருந்தார்கள். இரண்டு பேர் பின்கதவில் குந்தினார்கள். நடுவில் மீனாம்பிகை, அவளுடைய பலகையைப் பிடித்தபடி எட்டுக் கைகள். அரியநாயகம் கீழே குனிந்து ஸ்பிறிங்கைப் பார்த்தார். தகடுகள் மெல்ல வளைந்து, நாலு பீப்பாய்க்கு இறங்கும் அளவுக்கு இறங்கியிருந்தன. காணும் என்று எழும்பினார்.

அப்போதிக்கரி முன்சீற்றில் ஏற, வண்டி நகர்ந்தது. படலைக் கல்லில் பின்சில்லு ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். வண்டி மெதுவாக உயர்ந்து, மெதுவாகத் தாழ்ந்தது. மீனாம்பிகை கண்ணை மூடியிருந்தாள், சத்தம் வரவில்லை.

வெறும் முருகைப் பாறை தெரியும் இடங்களை அவர் ஒவ்வொன்றாக அறிவார். அவற்றில் சில்லை வைக்கும் முன் "வருது" என்று சொன்னார். பின்னால் பன்னிரண்டு பேரும் ஓர் உடம்பாக இறுகினார்கள். வழியில் பெண்ணொருத்தி, "என்ரை வீடு வந்திட்டுது. அடுப்பிலை சோறு, நான் இறங்கட்டே?" என்றாள்.

"இறங்காதை!" என்று பதினொரு பேர் கத்தினார்கள்.

"சோறு கருகும்!"

"கருகட்டும். நீ இறங்கினால் வண்டி துள்ளும்" என்றார் ஏரம்பு. அவளுக்குப் பதிலாகப் படலையடியில் நின்ற யாரோ ஓடிப்போய் அடுப்பிலிருந்து பானையை இறக்கினார்கள்.

துறை கிட்ட, ரோட்டே இல்லாத மணலும் கல்லும் கலந்த இடத்தில், வண்டி பக்கத்துக்குப் பக்கம் அசைந்தது. மீனாம்பிகை கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "இப்ப வள்ளத்திலை ஏறிட்டமோ?"

மேரிஜோசப்பின் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்து, "இன்னும் இல்லை, ராசாத்தி. இது உன்ரை புருஷன்ரை வண்டிதான்" என்றாள்.

அரியநாயகத்துக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கை எடுக்க ஏலாது. அப்படியே ஓட்டினார்.

துறையில் பாய் அவிழ்த்துக்கொண்டிருந்த வள்ளக்காரர்கள், இத்தனை பேரும் பயணமோ என்று பயந்தார்கள். பலகையை வெளியே எடுக்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்று அப்போதிக்கரி உத்தரவிட்டார். மீனாம்பிகை இறங்கிய பிறகே ஒவ்வொருவராக இறங்கினார்கள். அரியநாயகம் அவளோடு வள்ளத்தில் ஏறினார். வண்டியின் சாவியை யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் எக்ஸ்றே படம் பிடித்துப் பார்த்த டாக்குத்தர், இரத்தக் குழாய் தப்பிவிட்டது, நல்ல ரோட்டால் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். அரியநாயகம் ஓம் என்றார்.

மூன்று மாதம் அவளை அங்கே வைத்திருந்தார்கள். இடையில் தீவுக்கு வந்தபோது அவர் நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கூடப் போட்ட தகடுகள் அத்தனையையும் கழற்றினார். இனி இரண்டு பீப்பாய்தான் ஏற்ற ஏலும் என்று ஊருக்குச் சொன்னார். சனம் முணுமுணுத்தது. அவர் காதில் போடவில்லை.

அவள் தடியோடு வந்து இறங்கிய நாள், துறையில் அவர் தனியாக வண்டியோடு நின்றார். முன்சீற்றில் தலையணை போட்டிருந்தார். வண்டி பஞ்சு மாதிரிப் போயிற்று. அவள் தடியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்திருந்தாள்.

"நோகுதோ?"

"இல்லை."

"பேந்தென்ன முகம் வாடியிருக்கு?"

அவள் பின்னால் திரும்பி, வெறுமையாகக் கிடந்த வண்டியின் பின்தட்டைப் பார்த்தாள். "ஆரோ ஒருத்தரின்ரை வண்டியிலை போற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

திருப்பத்தில் மேரிஜோசப்பின் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். மீனாம்பிகை தடியால் வண்டித் தகரத்தில் தட்டி நிறுத்தச் சொன்னாள். அடுத்த படலையில் இன்னும் இரண்டு பேர். செய்தி வண்டிக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையிலிருந்தும் சனம் வந்து, "பிள்ளை வந்திட்டுது" என்று ஏறியது. ஏறியவர்கள் இறங்கவில்லை. எத்தனை பேர் என்று அரியநாயகம் எண்ணுவதை விட்டுவிட்டார். தகடு குறைந்த ஸ்பிறிங் முழுவதும் தாழ்ந்து, ஒவ்வொரு கல்லுக்கும் அச்சு சட்டத்தில் மோதியது. ஒரு மோதலில் மீனாம்பிகை உதட்டைக் கடித்ததை அவர் கண்டார்.

வண்டியை நிறுத்தித் திரும்பினார். "ஒரு அஞ்சாறு பேர் இறங்கி நடவுங்கோ. இவவுக்கு நோகுது."

பின்னால் ஆட்கள் இறங்கக் காலைத் தூக்கினார்கள். மீனாம்பிகை அவர் கையைப் பிடித்தாள்.

"ஒருத்தரும் இறங்க வேண்டாம். நீங்கள் மெல்லமா விடுங்கோ."

அரியநாயகம் முதலாம் கியரைப் போட்டார்.